ரெண்டு பேருக்கு மட்டும் சமைப்பது வீண்வேலையா?

கேள்வி: 2024 நவம்பர் 17, காலை 9.10

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகிறது. வேளச்சேரியில் நானும் மனைவியும் மட்டும்தான். ரெண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். ரெண்டு பேருக்காக அடுப்பு மூட்டுவதே வீண் என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். நிறையச் செய்தால் மிஞ்சுகிறது, குறைத்துச் செய்தால் ருசி இல்லை. அம்மா சொன்ன அளவை நாலில் ஒரு பங்காக்கினாலும் அம்மா வைத்த சாம்பார் வருவதில்லை. துவரம்பருப்போ வேகவே மாட்டேன் என்கிறது. அலுத்துப்போய் வீட்டுக்கு வந்து ரெண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட, மனசுக்கு இதமாக உங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள்? இல்லை, எல்லார் வீட்டிலும் ஆர்டர்தானா?

நவம்பர் 17, பகல் 12.40

வீண் எல்லாம் இல்லை. நாலில் ஒரு பங்காக்கினீர்களே, அங்கேதான் கோளாறு.

புளி, பருப்பு, பொடி, உப்பு எல்லாம் நாலில் ஒன்றாகும். ஆவியாகிப் போகிற தண்ணீர் ஆகாது. அது பாத்திரத்தின் வாய் எவ்வளவு அகலம், எவ்வளவு நேரம் கொதித்தது என்பதைப் பொறுத்தது. எட்டுப் பேர் குழம்பில் ஒரு டம்ளர் வற்றினால் கண்ணுக்கே தெரியாது. அதே வாயகலப் பாத்திரத்தில் ரெண்டு பேர் குழம்பை வைத்து அதே நேரம் கொதிக்கவிட்டால் பாதிக் குழம்பு காணாமல் போகும். மிஞ்சுவது உப்பும் புளிப்பும். உடனே தண்ணீர் விடுவீர்கள், ருசி செத்துவிடும். வாய் குறுகின சின்னப் பாத்திரம் வாங்குங்கள், முக்கால்வாசி மூடிவையுங்கள்.

தாளிப்பும் அப்படித்தான். கால் ஸ்பூன் எண்ணெயைப் பெரிய வாணலியில் விட்டால் கடுகு பாதி வெடிக்கும், பாதி கருகும். தாளிப்புக்கரண்டி எதற்கு இருக்கிறது?

எங்கள் வீட்டிலும் ரெண்டே பேர். பையன் கோயம்புத்தூர் காலேஜுக்குப் போனதிலிருந்து நானும் வீட்டுக்காரரும் மட்டும், பெரம்பூரில். நான் திருநெல்வேலி, அவர் ராயபுரம். நான் சைவம். அவருக்கு மீன் இல்லாத நாள் விரத நாள். என்ன செய்கிறோம் என்பதைச் சாயங்காலம் எழுதுகிறேன், இப்போது குக்கர் கூப்பிடுகிறது.

நவம்பர் 17, இரவு 9.55

சொதி.

திருநெல்வேலிக்காரர்கள் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற சாப்பாடு. மாப்பிள்ளைச் சொதி என்றே பெயர். பந்தி வைக்கிற பதார்த்தம் அலுப்பு நாளுக்கு எப்படிச் சரிவரும் என்று கேட்பீர்கள். ரெண்டு பேருக்கு என்று வந்துவிட்டால் அரை மூடித் தேங்காயில் முடிகிற காரியம் அது.

அரை மூடியைத் துருவி, வெதுவெதுப்பான தண்ணீர் அரை டம்ளர் விட்டு அரைத்துப் பிழிந்தால் கெட்டியான முதல்பால். அதைத் தனியே வையுங்கள். அதே சக்கையில் மறுபடி தண்ணீர் விட்டு ரெண்டாம் பால், மூன்றாம் பால், ரெண்டும் சேர்ந்து ஒன்றரை டம்ளர் வரட்டும். அந்தத் தண்ணிப் பாலில்தான் காய் வேக வேண்டும். சின்ன உருளைக்கிழங்கு ஒன்று, கேரட் ஒன்று, பீன்ஸ் ஒரு கைப்பிடி, முருங்கைக்காய் பாதி, உரித்த சின்ன வெங்காயம் ஏழெட்டு, பூண்டு நாலு பல். பாசிப்பருப்பு ரெண்டு மேஜைக்கரண்டி, தனியாகக் குழைய வேகவைத்தது. இஞ்சி ஒரு விரல் கணு அளவு, பச்சை மிளகாய் நாலு, ரெண்டையும் அரைத்துப் போடுங்கள். சிவப்பு மிளகாய், மிளகாய்த்தூள் பக்கம் போகவே கூடாது.

காய் வெந்து பருப்பும் சேர்ந்ததும் அடுப்பைக் குறைத்து முதல்பாலை விடுங்கள். ஓரத்தில் சின்னச் சின்னதாக நுரை கட்டும், கரண்டியைப் போட்டு இழுத்தால் நுரை ஒரு பக்கமாய் ஒதுங்கும். அந்த நிமிஷம் இறக்க வேண்டும். தளதளவென்று கொதித்தால் பாலில் இருக்கிற புரதம் திரண்டு எண்ணெய் மேலே பிரிந்து மிதக்கும். எலுமிச்சம்பழம் அரை மூடி, அதுவும் இறக்கிச் சூடு கொஞ்சம் தணிந்த பிறகுதான். சீரகம், கறிவேப்பிலை மட்டும் தாளிப்பு.

தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல் கட்டாயம், இல்லாவிட்டால் தேங்காய்ப்பால் வயிற்றில் மந்தமாக உட்கார்ந்துவிடும். கூட உருளைக்கிழங்கு சிப்ஸ். சிப்ஸைக் கடையில் வாங்கலாம், யாரும் கேஸ் போட மாட்டார்கள்.

நவம்பர் 17, இரவு 10.20

உப்பு எப்போது என்று ஒருவர். காய் முக்கால் வேக்காடு வந்ததும்.

நவம்பர் 19, இரவு 10.30

"உங்கள் வீட்டுக்காரர் இதையா சாப்பிடுகிறார்?" என்று கேட்ட அம்மணிக்கு.

கல்யாணமான புதிதில் சொதியைப் பார்த்துவிட்டு, "யாருக்கும்மா உடம்பு சரியில்ல?" என்றார். காரம் இல்லை, நிறம் இல்லை, அவருக்கு அது கஞ்சிக்கு ஒன்றுவிட்ட தம்பி. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே தேங்காய் உடைக்கிறார் என்றால் அதற்கு நான் கொடுத்த விலை அவருடைய நெத்திலிக் குழம்பு.

அதைச் சொல்கிறேன். குழம்பு ஒன்று, சட்டி ரெண்டு. அவர்தான் வைப்பார். நல்லெண்ணெயில் வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, மில்லில் அரைத்த குழம்பு மிளகாய்த்தூள் போட்டு, புளிக்கரைசல் ஊற்றிப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிடுவார். எண்ணெய் பிரிந்து மேலே வந்ததும் பாதியைச் சின்ன மண்சட்டிக்கு மாற்றிவிடுவார். அது எனக்கு. அதில் ஏற்கெனவே வெந்த முருங்கைக்காயும் கத்தரிக்காயும் விழும். பெரிய சட்டியில் நெத்திலி. கரண்டியும் ரெண்டு, மாறிப்போகக் கூடாது. அந்த விஷயத்தில் எங்கள் மாமியாரே என்னைவிடக் கண்டிப்பு.

நெத்திலி ஆய்வதற்கு ராயபுரத்து வீடுகளில் கத்தி எடுப்பதில்லை. தலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கிள்ளிக் கீழ்நோக்கி இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடுகிறது. நான் தொட மாட்டேன், வேடிக்கை பார்த்திருக்கிறேன். கல்லுப்பும் மஞ்சளும் போட்டு அலசுவார். மீன் விழுந்த பிறகு அஞ்சு நிமிஷம், அவ்வளவுதான். அந்த அஞ்சு நிமிஷமும் கரண்டி உள்ளே போகக் கூடாது, துணியால் சட்டியின் ரெண்டு காதையும் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றுவார். கரண்டி போட்டால் நெத்திலி கரைந்து முள்தான் மிஞ்சும்.

ஒரே குழம்பு, ஒரே புளி, ஒரே காரம். தட்டில் விழும்போது மட்டும் அவரவர் வழி.

நவம்பர் 20, காலை 7.15

மீன் வாங்கக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு எந்தக் கிழமை போவது என்று கேட்டவருக்காக அவரையே விசாரித்தேன். ஞாயிறு போகாதே என்கிறார். கூட்டம், விலை ரெண்டும் ஏறியிருக்கும். புரட்டாசியில் பாதி ஊர் சைவமாகிவிடுவதால் விலை இறங்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், நாட்டுப்படகு கொண்டுவருவதுதான் மீன், அதனால் சின்ன மீனுக்கும் பெரிய விலை. அந்த 61 நாளும் எங்கள் வீட்டில் நெத்திலிக் கருவாடு. நான் ஜன்னலோரம்.

நவம்பர் 21, இரவு 11.05

பருப்புக்கு வருகிறேன். சோடா உப்பு போடுங்கள் என்று ரெண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். வேகும். ஆனால் சவக்காரம் மாதிரி ஒரு வாடை வரும், பருப்பிலிருக்கிற பி1 வைட்டமினும் போகும். அதைவிட எதனால் வேகவில்லை என்று பாருங்கள்.

வேளச்சேரி என்கிறீர்கள், போர் தண்ணீர்தானே? உப்புத்தண்ணீர் என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், அதில் கால்சியமும் மக்னீசியமும் தூக்கல். அந்த ரெண்டும் பருப்பிலிருக்கிற பெக்டினைப் பிடித்து இறுக்கிவிடும். அதற்கப்புறம் எத்தனை விசில் விட்டாலும் பருப்பு முழித்துக்கொண்டே இருக்கும். கேன் தண்ணீரிலோ ஆர்.ஓ. தண்ணீரிலோ அரை மணி ஊறவைத்து, அதே தண்ணீரில் குக்கர் வையுங்கள். ரெண்டு பேர் பருப்புக்கு ஒரு டம்ளர் நல்ல தண்ணீர் போதும், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். கழுவுவதற்குக் குழாய்த் தண்ணீர் தாராளம்.

2019 கோடை ஞாபகம் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வற்றி, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்த வருஷம். எங்கள் தெருவுக்கு வந்த லாரித் தண்ணீரில் ஒருநாள் பருப்பு மலர்ந்து நிற்கும், மறுநாள் கல்லாய்க் கிடக்கும். லாரி எந்தக் கிணற்றிலிருந்து வந்தது என்று பருப்பைப் பார்த்தே சொல்லலாம் போலிருந்தது.

இன்னும் ரெண்டு. பருப்பு வேகும் முன்னால் புளியோ தக்காளியோ சேர்க்காதீர்கள், புளிப்பும் இறுக்கும். டப்பாவில் ரொம்ப நாள் கிடந்த பருப்பு எந்தத் தண்ணீரிலும் அடம்பிடிக்கும். ரெண்டே பேர் இருக்கிற வீட்டில் இதுதான் முக்கால்வாசிக் காரணம். சலுகை விலை என்று அஞ்சு கிலோ வாங்கி வைப்பது, அதை ஒரு வருஷம் ஓட்டுவது. அரைக் கிலோ வாங்குங்கள்.

நவம்பர் 24, காலை 10.50

மிஞ்சுகிறது என்ற புலம்பலுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. மிஞ்சட்டுமே. மீன் குழம்புக்கு மறுநாள்தான் ருசியே என்று அவர் சத்தியம் செய்வார். எனக்கு வடகறி.

சைதாப்பேட்டை வடகறி என்று பெயர் வாங்கினதுதான். டீக்கடையில் நேற்று வாங்கி மிஞ்சின மசால்வடை நாலு இருந்தால் வீட்டில் பத்து நிமிஷ வேலை. பட்டை, சோம்பு, வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு வதக்கி, தண்ணீர் விட்டுக் கொதித்ததும் வடையைப் பிட்டுப் போடுங்கள். பொடித்து மாவாக்க வேண்டாம், நெல்லிக்காய் அளவு துண்டுகள் இருக்க வேண்டும். வடை தண்ணீரைக் குடிக்கும், குழம்பு நீர்த்திருக்கும்போதே இறக்குங்கள், தட்டுக்கு வரும்போது சரியாக இருக்கும்.

பழைய வடையில் செய்வது வடகறியே அல்ல, கடலைப்பருப்பை ஊறவைத்து அரைத்து ஆவியில் வைத்துத்தான் செய்ய வேண்டும் என்று ஒருவர் கோபப்படுகிறார். அப்படியும் செய்கிறார்கள், நன்றாகவும் இருக்கும். ஆனால் அவர் அலுவலகத்திலிருந்து எத்தனை மணிக்கு வருகிறார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

நவம்பர் 30, இரவு 8.40

புயல். ஃபெஞ்சல். ஏர்போர்ட்டை மூடிவிட்டார்கள், எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், மத்தியானத்திலிருந்து கரண்ட் இல்லை. கரண்ட் இல்லை என்றால் மிக்ஸி இல்லை. மிக்ஸி இல்லை என்றால் சொதி, துவையல், சட்னி எதுவும் இல்லை.

மிளகு ரசம். மிளகு ஒரு ஸ்பூன், சீரகம் ஒரு ஸ்பூன், பூண்டு அஞ்சாறு பல் தோலோடு, சின்ன உரலில் ஒன்றிரண்டாய் நசுக்கினது. புளி ஒரு கோலி அளவு, தக்காளி ஒன்று கையால் பிசைந்தது, பெருங்காயம், மஞ்சள், உப்பு. பருப்பு வேண்டாம். புளித்தண்ணீர் நன்றாகக் கொதித்து வாடை போன பிறகு நசுக்கினதைப் போட்டு, தண்ணீர் விளாவி, நுரை பொங்கிவரும்போது நிறுத்திவிட வேண்டும். ரசத்தைக் கொதிக்கவிட்டால் அந்த வாசனையெல்லாம் சமையலறையில் சுற்றும், டம்ளரில் ஒன்றும் இருக்காது. நெய்யில் கடுகு, வற்றல் மிளகாய், கறிவேப்பிலை. அப்பளத்தைத் தணலில் சுட்டேன்.

மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவர் ரசத்தைச் சோற்றில் விடாமல் டம்ளரில் வாங்கிக் குடித்துக்கொண்டே ரேடியோ தேடினார். எங்கள் வீட்டில் ரேடியோ கிடையாது.

டிசம்பர் 1, காலை 11.30

ஈயச்செம்பில் வைத்தால்தான் ரசம் என்று மூன்று பேர். எங்கள் மாடிவீட்டு மாமியும் அதே கட்சி. வையுங்கள், ஆனால் அந்த ஈயம் வெள்ளீயம், 232 டிகிரியிலேயே உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கும்வரை சூடு நூற்றைச் சுற்றியே நிற்கும், செம்பு பிழைக்கும். வெறும் செம்பை அடுப்பில் வைத்துவிட்டு போன் எடுக்கப் போனீர்களோ, வந்து பார்க்கும்போது பர்னரைச் சுற்றி வெள்ளிக் குளம். ரெண்டு பேர் ரசம் என்பது செம்பின் அடியில் நிற்கிற கொஞ்சம் ரசம், சீக்கிரம் வற்றும். கும்பாவில் வைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

கரண்ட் வந்துவிட்டது.

டிசம்பர் 4, இரவு 10.10

பாளையங்கோட்டைக்காரர் ஒருவர் வந்து என் சொதியில் குற்றம் கண்டுபிடித்திருக்கிறார். பச்சைப் பட்டாணி எங்கே, தாளிப்பில் கடுகு எங்கே, பாசிப்பருப்பு அதிகம். பட்டாணி சில வீடுகளில் போடுவார்கள், எங்கள் ஆச்சி போட மாட்டாள். கடுகு வெள்ளைக் குழம்பில் கறுப்புக் கறுப்பாய்த் தெரியும் என்பது ஆச்சியின் கட்சி. பருப்பு விஷயத்தில் அவர் சொல்வது கல்யாண அளவுக்குப் பொருந்தும். பத்துத் தேங்காய் உடைக்கிற இடத்தில் முதல்பாலே கெட்டி கொடுக்கும். அரை மூடித் தேங்காயில் அது கிடைக்காது, பருப்புத்தான் தாங்க வேண்டும். முதல் நாள் எழுதின அதே கணக்குத்தான், சின்ன அளவுக்கு வேறு நியாயம்.

மஞ்சள் போடலாமா என்று ஒருவர் கேட்டார். திருநெல்வேலியில் அதைக் கேட்டுவிட்டு பஸ் ஏறி ஊர் திரும்ப முடியாது.

டிசம்பர் 13, இரவு 9.30

கார்த்திகை தீபம். காலையெல்லாம் மழை, அகலை வாசலில் வைக்க முடியவில்லை, உள்வராந்தாவில் வைத்தோம். அடை.

ரெண்டு பேருக்கு இட்லி அரிசி ஒரு டம்ளர், கடலைப்பருப்பு, துவரம்பருப்பு கால் கால் டம்ளர், உளுந்து ஒரு மேஜைக்கரண்டி, வற்றல் மிளகாய் அஞ்சு. ரெண்டு மணி நேரம் ஊறினால் போதும், கொரகொரப்பாக அரைத்து முருங்கைக்கீரை உருவிப் போட்டுக் கலந்து, கல்லில் கனமாகத் தட்டி நடுவில் ஓட்டை போட்டு எண்ணெய். அவருக்கு வெல்லமும் வெண்ணெயும். எனக்கு அவியல்.

ஆனால் இன்றைக்கு ஒன்று தோன்றியது. அடை ருசிதான், ஆனால் கேட்டீர்களே, "ரெண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட" என்று, அதற்கு அடை ஆகாது. ஒரே கல். அவர் சாப்பிடும்போது நான் நிற்கிறேன். நான் சாப்பிடும்போது அவர் கரண்டியோடு நிற்கிறார், நடுவில் கருகவிடுகிறார். தோசை, பூரி, சப்பாத்தி எல்லாம் இந்த ஜாதி. சாப்பிட்டு முடிகிறவரை ஒருவர் சமையலறையில், ஒருவர் கூடத்தில், பேச்செல்லாம் கத்தல்.

சொதி அப்படி இல்லை. ரசம், குழம்பு, கூட்டு எதுவும் அப்படி இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு ரெண்டு பேரும் வந்து உட்காரலாம். நான் முதலில் சொதியைச் சொன்னதற்கு ஊர்ப்பாசம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, இதுதான் காரணம் என்று இப்போது படுகிறது. அலுப்பு நாளில் ருசி ரெண்டாம் பட்சம். யாரும் எழுந்து போகாத சாப்பாடாக இருக்க வேண்டும்.

டிசம்பர் 14, காலை 8.00

அடுப்பின் ரெண்டு பர்னருக்கும் ஒவ்வொரு கல் வாங்கலாமே என்று ஒரு புத்திசாலி. அப்போது ரெண்டு பேரும் நிற்க வேண்டியதுதான்.

டிசம்பர் 22, பகல் 1.20

கேள்வி கேட்ட நண்பர் திரும்பி வந்திருக்கிறார். கேன் தண்ணீரில் பருப்பு வெந்ததாம். நல்லது. சொதி செய்யப் போன இடத்தில் வீட்டில் சண்டையாம். மனைவிக்கு அம்மா வழி யாழ்ப்பாணம், அவருக்குத் தெரிந்த சொதி மஞ்சள் போட்டு, தண்ணீராக, பருப்பே இல்லாமல், இடியாப்பத்தின் மேல் ஊற்றிக்கொள்வது. இது சொதியே இல்லை என்கிறாராம்.

ரெண்டும் சொதிதான். அவர்களுடையதில் காய்கூட அதிகம் இருக்காது, வெங்காயம், பச்சை மிளகாய், தக்காளி, சில வீடுகளில் மீன். வேலையும் குறைவு. உங்கள் நிலைமைக்கு என்னுடையதைவிட அதுவே தேவலை. மஞ்சள் போடுங்கள், டிசம்பர் 4 அன்று நான் எழுதினது திருநெல்வேலி எல்லைக்குள் மட்டும் செல்லும். இடியாப்பம் காலையில் சைக்கிளில் வருகிறவரிடம் வாங்கி வைத்துக்கொள்ளலாம், ராத்திரி ஆவியில் ஒரு நிமிஷம் காட்டினால் பூப்போல ஆகிவிடும். அடுப்பை அணைத்துவிட்டு உட்காரலாம்.

நானும் வரும் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பக்குவத்தில் வைத்துப் பார்க்கப் போகிறேன். நம்மவர் மீன் என்ற சொல்லைப் படித்துவிட்டு என்னைவிட ஆவலாக இருக்கிறார். மறுபடியும் ரெண்டு சட்டி.

டிசம்பர் 22, பகல் 1.45

பாக்கெட் தேங்காய்ப்பால் ஆகுமா என்று கேட்டவருக்கு: ஆகும். அது முதல்பால் கெட்டி. காய் வேகிற பாலுக்கு அதில் கொஞ்சம் எடுத்து நாலு பங்கு தண்ணீரில் கலக்கிக்கொள்ளுங்கள், மிச்சத்தைக் கடைசியில் விடுங்கள். புதுத் தேங்காயின் இனிப்பு இருக்காது, அதனால் எலுமிச்சை கொஞ்சம் குறையட்டும். எங்கள் வீட்டில் பாக்கெட்டுக்கு ஆதரவாக ஒருவர் தீவிரமாகப் பேசி வருகிறார். தேங்காய் துருவுவது அவர் வேலை.